ஒன்றரை லட்சம் கட்டுவதா, ஒன்பதாயிரம் வாங்குவதா? – வாசகர் கேள்வி பதில்

சைபர் செக்யூரிட்டி வேலைகளைப் பற்றிப் போன இதழில் எழுதிய பிறகு கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருக்கின்றன: கோர்ஸ் படித்துவிட்டு வேலை தேடுவதா, அப்ரண்டிஸாகச் சேர்ந்து வேலையிலேயே கற்றுக்கொள்வதா? அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: என் மகன் பி.சி.ஏ. முடித்து ஆறு மாதம் ஆகிறது. சைபர் செக்யூரிட்டிதான் வேண்டும் என்கிறான். ஒரு பயிற்சி நிலையத்தில் ஆறு மாத ‘இன்டர்ன்ஷிப்’புக்கு ஒன்றரை லட்சம் கேட்கிறார்கள், முடித்தால் வேலை உறுதி என்கிறார்கள். அவன் மாமாவோ, அரசுத் திட்டத்தில் அப்ரண்டிஸாகப் போகட்டும், மாதம் ஒன்பதாயிரம் கிடைக்கும் என்கிறார். நகையை வைத்தாவது கட்டிவிடலாமா? – வில்லியனூர் வாசகி

பதில்: நகையை வைக்க வேண்டாம் அம்மா. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் சொல்கிறேன்.

மாமா சொல்வது 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் வரும் தொழிற்பழகுநர் பயிற்சி. நிறுவனமும் உங்கள் மகனும் ஒப்பந்தம் போட வேண்டும், அது அரசு போர்ட்டலில் பதிவாக வேண்டும், மாதாமாதம் உதவித்தொகை வர வேண்டும், முடித்ததும் சான்றிதழ் வர வேண்டும். 2019இல் திருத்திய விதிகளின்படி பட்டதாரிக்குக் குறைந்தபட்சம் மாதம் 9,000 ரூபாய், டிப்ளமோ முடித்தவருக்கு 8,000. இதை 36 சதவீதம் உயர்த்தச் சொல்லி 2025 மே மாதம் மத்திய அப்ரண்டிஸ்ஷிப் கவுன்சில் பரிந்துரை செய்தது. ஆகவே சேரும் நாளில் என்ன தொகை நடப்பில் இருக்கிறது என்பதைப் போர்ட்டலில் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டதாரிகளுக்கும் டிப்ளமோ பிள்ளைகளுக்கும் உள்ள திட்டத்தின் பெயர் என்.ஏ.டி.எஸ்., பெரும்பாலும் ஓராண்டு. குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசே ஏற்கிறது. தென் மாநிலங்களுக்கான அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது, புதுச்சேரியும் அதற்குள்தான் வருகிறது. மத்தியத் திட்டம் என்பதால் எல்லையில் இருக்கும் முள்ளோடைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்ற பேச்சு இல்லை. பாகூர்ப் பெண் கடலூரில் சேரலாம், நெல்லிக்குப்பத்துப் பையன் புதுச்சேரியில் சேரலாம்.

பணம் மட்டும் காரணம் இல்லை. இந்தத் துறையில் கற்றுக்கொள்ள வேண்டியதில் பெரும்பகுதி, உண்மையான ஆட்கள் உண்மையான வேலை செய்யும் நெட்வொர்க்கில்தான் இருக்கிறது. ஒரு உதாரணம் சொல்கிறேன். விண்டோஸ் சர்வரில் நடப்பதையெல்லாம் பதிந்துவைக்கும் பாதுகாப்பு லாகில் 4625 என்று வந்தால் லாகின் தோற்றது, 4624 என்று வந்தால் லாகின் ஆகிவிட்டது. இதை வகுப்பில் ஐந்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். வரிசையாக முந்நூறு 4625 வந்து, கடைசியில் ஒரே ஒரு 4624 வந்தால் யாரோ பாஸ்வேர்டைப் பிடித்துவிட்டார்கள் என்று சந்தேகப்பட வேண்டும், அதையும் சொல்லிவிடலாம். ஆனால் அதே வரிசை, கணக்குப் பிரிவில் ஒருவர் பாஸ்வேர்டை மாற்றிவிட்டுத் தன் பழைய போனில் மாற்ற மறந்ததாலும் வரும். எது எது என்று பிரிப்பது எப்படி, இரவு இரண்டு மணிக்கு யாரை எழுப்புவது, யாரை எழுப்பக் கூடாது, எழுப்பினால் முதல் வாக்கியமாக என்ன சொல்வது – இதெல்லாம் பக்கத்தில் ஒரு அனுபவசாலி உட்கார்ந்திருந்தால்தான் வரும். லேபில் எல்லாத் தாக்குதலும் தாக்குதலாகவே இருக்கும். வேலையில் நூறு அலர்ட்டில் பெரும்பாலானவை ஒன்றுமில்லாதவை, அந்த ஒன்றுமில்லாதவற்றைப் பார்த்துப் பார்த்துத்தான் கண் பழகுகிறது.

‘வேலை உறுதி’ என்பவரிடம், எந்த நிறுவனத்தில், என்ன சம்பளத்தில், கிடைக்காவிட்டால் எத்தனை நாளில் பணம் திரும்பும் என்று எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள். தரமாட்டார்கள்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. ‘சைபர் செக்யூரிட்டி அப்ரண்டிஸ்’ என்ற பெயரிலேயே தேடினால் நம் பக்கத்தில் இடம் மிகக் குறைவு. சிஸ்டம் சப்போர்ட், நெட்வொர்க், ஐ.டி. பிரிவு என்ற பெயர்களில் தேடச் சொல்லுங்கள், அதுவும் இந்தத் துறையின் வாசல்தான். மாலை நேரத்தில் வீட்டிலேயே படிக்கவும் நிறைய இருக்கிறது: நெட்வொர்க்கிங்குக்கு ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்கள், வெப்சைட் பாதுகாப்புக்குப் போர்ட்ஸ்விக்கரின் இலவச அகாடமி, நெட்வொர்க்கில் என்ன ஓடுகிறது என்று கண்ணால் பார்க்க வயர்ஷார்க். இது எதற்கும் காசு கிடையாது.

கேள்வி: டிப்ளமோ முடித்து ஒரு மருத்துவமனையின் ஐ.டி. பிரிவில் அப்ரண்டிஸாக இருக்கிறேன். நான்கு மாதமாகப் பிரிண்டர் பார்ப்பது, கேபிள் இழுப்பது, பாஸ்வேர்டு மறந்தவர்களுக்கு ரீசெட் செய்வது, வேலையை விட்டவர்களின் கணக்கை மூடுவது, இவ்வளவுதான். நண்பர்கள் ஹேக்கிங் கருவிகளோடு வரும் ‘காலி லினக்ஸ்’ இயங்குதளத்தில் என்னென்னவோ செய்கிறார்கள். விட்டுவிட்டு ஹேக்கிங் கோர்ஸ் போகலாமா? – பண்ருட்டி வாசகர்

பதில்: விடாதீர்கள் தம்பி. உங்கள் பட்டியலைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஏனென்றால் நீங்கள் சலித்துக்கொள்ளும் ஒவ்வொரு வேலையும் பெரிய பெரிய நிறுவனங்கள் கோட்டைவிட்ட இடம்.

வேலையை விட்டவரின் கணக்கை மூடுவது என்று எழுதியிருக்கிறீர்கள். 2021 மே மாதம் அமெரிக்காவில் கொலோனியல் பைப்லைன் என்ற எரிபொருள் குழாய் நிறுவனம் தன் குழாயையே நிறுத்த வேண்டி வந்தது, கிழக்குக் கடற்கரை மாநிலங்களில் பெட்ரோல் பங்குகளில் வரிசை நின்றது. தாக்கியவர்கள் உள்ளே வந்த வழி, வெளியிலிருந்து நிறுவன நெட்வொர்க்குக்குள் வர உதவும், பயன்பாட்டில் இல்லாமல் கிடந்த ஒரு வி.பி.என். கணக்கு. பாஸ்வேர்டு ஒன்றே போதும், ஓ.டி.பி. போல இரண்டாவது சோதனை எதுவும் அதற்கு இல்லை. தாக்கியவர்கள் கேட்டபடி நிறுவனம் 75 பிட்காயின் கொடுத்தது, அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர். அந்தக் கணக்கை ஒருவர் நேரத்தோடு மூடியிருந்தால் அந்த வழி இருந்திருக்காது.

அப்டேட் போடும் வேலையும் உங்களிடம்தான் வரும் என்று நினைக்கிறேன். கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாகிரை என்ற ரான்சம்வேர் 2017 மே 12 அன்று உலகம் முழுக்கப் பரவியது, பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே அப்டேட் வெளியிட்டுவிட்டது. இடையில் இரண்டு மாதம் இருந்தது. ஏன் போடவில்லை என்றால், மருத்துவமனையில் ஒரு கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்வது என்பது எவ்வளவு பெரிய பாடு என்பது உங்களுக்கே தெரியும். ஸ்கேன் மெஷினோடு இணைந்த பழைய விண்டோஸைத் தொட்டால் மெஷின் நின்றுவிடுமோ என்று பயம், வார்டில் ஒரு நர்ஸ் ‘இப்போது முடியாது’ என்பார், டாக்டர் திட்டுவார். அந்த நர்ஸோடு பேசி, எந்த நேரத்தில் எந்தக் கம்ப்யூட்டரை நிறுத்தலாம் என்று அட்டவணை போடத் தெரிந்தவருக்கு இந்தத் துறையில் இருக்கும் மதிப்பு, பத்து ஹேக்கிங் கருவி தெரிந்தவருக்கு இல்லை. காலி லினக்ஸ் ஓட்டும் உங்கள் நண்பர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை, அவர்கள் கற்பதும் தேவைதான். ஆனால் அவர்கள் பூட்டைத் திறக்க மட்டும் பழகுகிறார்கள். யார் வீட்டில் எத்தனை கதவு, எது எப்போதும் திறந்தே கிடக்கிறது என்பதை நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

பாஸ்வேர்டு ரீசெட்டும் அப்படித்தான். ஊழியர் மாதிரி போனில் பேசி ஹெல்ப்டெஸ்க்கை ஏமாற்றிப் பாஸ்வேர்டை மாற்ற வைப்பது இப்போது பெரிய கும்பல்களின் வாடிக்கையான வழி. போனில் பேசுபவர் அவர்தானா என்று நீங்கள் எப்படி உறுதி செய்கிறீர்கள்? அதற்கு எழுதிய நடைமுறை இருக்கிறதா? இல்லையென்றால் நீங்களே ஒரு பக்கம் எழுதி உங்கள் பொறுப்பாளரிடம் கொடுங்கள். கணக்குப் பட்டியலையும் ஊழியர் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆள் இல்லாமல் கணக்கு மட்டும் இருப்பதைக் கண்டுபிடிக்கட்டுமா என்று கேளுங்கள். பிரிண்டர் பார்க்கப் போகும்போது அதன் நிர்வாகப் பக்கத்தின் பாஸ்வேர்டு தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். எதையும் கேட்காமல் செய்யாதீர்கள்.

இப்படிக் கேட்டும் டீ வாங்கி வருவதும் ஜெராக்ஸ் எடுப்பதும்தான் வேலை என்றால் அது வேறு. பயிற்சித் திட்டத்தில் இருப்பதைக் கற்றுத்தர வேண்டியது நிறுவனத்தின் கடமை. முதலில் பொறுப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள், பதில் இல்லையென்றால் தரமணி அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

கேள்வி: நான் எங்கள் கல்லூரி வெப்சைட்டில் ஒரு ஓட்டை கண்டுபிடித்து உள்ளே போய் மதிப்பெண் பட்டியலைப் பார்த்தேன். ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. அப்ரண்டிஸ் நேர்காணலில் காட்டினால் எடுப்பார்களா? – லாஸ்பேட்டை வாசகர்

பதில்: காட்டாதீர்கள். அனுமதி இல்லாமல் அடுத்தவர் கம்ப்யூட்டருக்குள் போவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43, 66ஆம் பிரிவுகளில் வருகிறது, மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். கெட்ட எண்ணம் இல்லாமல்தான் செய்திருப்பீர்கள் என்று நான் நம்புகிறேன், ஆனால் நேர்காணல் எடுப்பவர் தன் நிறுவனத்தின் சாவியைக் கொடுக்கப் போகிறவர். கேட்காமல் உள்ளே போகும் பழக்கம் உள்ளவரை அவர் எடுக்கமாட்டார். இனிமேல் அங்கே கை வைக்காதீர்கள், யாருக்கும் அந்தப் படத்தை அனுப்பாதீர்கள். கல்லூரிக்கு எப்படிச் சொல்வது என்பதை ஒரு வழக்கறிஞரிடமும் நம்பிக்கையான ஒரு பேராசிரியரிடமும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கை பழக வேண்டுமென்றால் ட்ரைஹேக்மி, ஹேக் தி பாக்ஸ் போன்ற இடங்களில் தாக்குவதற்கென்றே வைத்த மெஷின்கள் இருக்கின்றன. அங்கே செய்ததை நேர்காணலில் தைரியமாகச் சொல்லலாம்.

கேள்வி: இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோ படித்தவன். கடலூர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் தொழிற்சாலையில் அப்ரண்டிஸ் வாய்ப்பு வந்திருக்கிறது. எனக்குச் சைபர் செக்யூரிட்டி மேல் ஆசை. இதில் சேர்ந்தால் அந்த வழி அடைபட்டுவிடுமா? – குடிகாடு வாசகர்

பதில்: அடைபடாது, வேறொரு வழி திறக்கும். அந்த வழியில் கூட்டமும் குறைவு.

தொழிற்சாலையின் வால்வு, பம்ப், வெப்பநிலை எல்லாவற்றையும் நடத்தும் பி.எல்.சி., ஸ்காடா அமைப்புகளைப் பாதுகாப்பது தனித்துறையாகவே வளர்ந்துவிட்டது, அதை ஓ.டி. செக்யூரிட்டி என்பார்கள். 2010இல் வெளியே தெரிந்த ஸ்டக்ஸ்நெட் என்ற மால்வேர் (கெடுதல் செய்யும் புரோகிராம்), ஈரானின் நடான்ஸ் அணு நிலையத்தில் இயந்திரங்களையே கெடுத்தது. நம் கூடங்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 செப்டம்பரில் அங்கே ஒரு கம்ப்யூட்டரில் மால்வேர் இருப்பது தெரியவந்தது, அக்டோபர் 30 அன்று அணுமின் கழகம் அதை ஒப்புக்கொண்டது. அது நிர்வாக வேலைக்கான, இன்டர்நெட்டோடு இணைந்த நெட்வொர்க்கில் இருந்த கம்ப்யூட்டர், உலையை இயக்கும் நெட்வொர்க் தனியே பிரித்து வைக்கப்பட்டிருந்தது என்று சொன்னார்கள். அந்தப் பிரிப்புதான் இந்த வேலையின் உயிர்.

ஐ.டி. படித்துவிட்டு நேராக இங்கே வருபவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, எதைப் பார்த்தாலும் ஸ்கேன் செய்வது, அப்டேட் போடுவது. பழைய பி.எல்.சி. ஒன்றை ஸ்கேன் செய்தால் அது அப்படியே நின்றுபோகலாம். தொழிற்சாலை ஆண்டுக்கு ஒரு முறை பராமரிப்புக்கு நிற்கும்போதுதான் அப்டேட்டுக்கே வழி இருக்கும். ஆபீஸில் தப்பு நடந்தால் ஃபைல் போகும், இங்கே தப்பு நடந்தால் வாயு கசியும், பக்கத்தில் ஊர் இருக்கிறது. எந்த வால்வு எதற்கு, எது மூடினால் எங்கே அழுத்தம் ஏறும் என்று தெரிந்த உங்களை மாதிரி ஆள், பாதுகாப்பையும் கற்றுக்கொண்டால் நிறுவனங்கள் விடமாட்டார்கள். சேருங்கள். உள்ளே போனதும் வெளியிலிருந்து சர்வீஸுக்கு வருபவர்களின் லேப்டாப்பும் பென்டிரைவும் எப்படி அனுமதிக்கப்படுகின்றன என்பதைக் கவனியுங்கள். இரவில் ஐ.இ.சி. 62443 என்ற தரநிலையைப் பற்றிப் படிக்கத் தொடங்குங்கள். நெய்வேலி என்.எல்.சி.யும் ஆண்டுதோறும் அப்ரண்டிஸ் அறிவிப்பு விடுகிறது, அதையும் விடாமல் பாருங்கள்.

கேள்வி: வயது 34. பி.எஸ்சி. கணிதம். திருமணத்துக்குப் பின் வேலைக்குப் போகவில்லை, வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். எனக்கும் அப்ரண்டிஸ் வழி உண்டா, இல்லை இதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்குத்தானா? – சிதம்பரம் வாசகி

பதில்: சகோதரி, சட்டத்தில் குறைந்தபட்ச வயது 14 என்று இருக்கிறது, அதிகபட்சம் என்று ஒன்று இல்லை. ஆனால் நடைமுறை வேறு. என்.ஏ.டி.எஸ். அண்மையில் படித்து முடித்தவர்களுக்கானது, உங்கள் பழைய பட்டத்துக்கு அங்கே கதவு திறப்பது கடினம். இன்னொரு திட்டம் இருக்கிறது, 2016இல் தொடங்கிய என்.ஏ.பி.எஸ். அதில் பலவிதத் தொழில் பிரிவுகள் உண்டு, ஆனால் அரசு உதவி 35 வயது வரை உள்ளவர்களுக்குத்தான், அதனால் தாமதிக்காதீர்கள். போர்ட்டலில் ஐ.டி. பிரிவுகளைப் பார்த்து நேரடியாக நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

கணிதம் படித்தவருக்கு இங்கே என்ன வேலை என்று நினைக்க வேண்டாம். 1986இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கிளிஃப் ஸ்டால் என்ற வானியலாளருக்குக் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை கொடுத்தார்கள். கம்ப்யூட்டர் பயன்பாட்டுக் கணக்கில் 75 சென்ட் உதைக்கிறது, ஏன் என்று பார் என்றார்கள். அந்த 75 சென்ட்டை விடாமல் துரத்தித்தான் அவர், ஜெர்மனியிலிருந்து அமெரிக்க ராணுவக் கம்ப்யூட்டர்களுக்குள் நுழைந்து சோவியத் உளவுத்துறைக்குத் தகவல் விற்றுக்கொண்டிருந்தவரைக் கண்டுபிடித்தார். கணக்கு உதைத்தால் தூக்கம் வராது என்ற குணம் உங்களுக்கு இருக்கும் என்று நினைக்கிறேன்.

இரவு ஷிப்ட் இல்லாத பக்கமும் இந்தத் துறையில் உண்டு. 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகிறது. நிறுவனங்களுக்கு நடைமுறைகளை எழுத, சரிபார்க்க, ஊழியர்களுக்குப் புரியும்படி சொல்லிக்கொடுக்க ஆள் தேவை. பிள்ளைகளுக்குப் புரியாததைப் புரியவைத்துப் பழகியவருக்கு அந்தக் கடைசி வேலை இயல்பாக வரும். நெட்வொர்க் அடிப்படைகளை மட்டும் முதலில் உறுதியாகக் கற்றுக்கொள்ளுங்கள், அதைத் தவிர்த்துவிட்டு எந்தப் பக்கமும் போக முடியாது.

கேள்வி: தட்டாஞ்சாவடியில் சிறு நிறுவனம் நடத்துகிறேன், 45 பேர் வேலை செய்கிறார்கள். அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும் என்று கணக்காளர் சொல்கிறார். எடுத்தால் கம்ப்யூட்டர் பாதுகாப்புக்கு ஒருவரை எடுக்கலாமா? இருபது வயதுப் பையன் கையில் எல்லாவற்றையும் கொடுக்கப் பயமாக இருக்கிறது. – தட்டாஞ்சாவடி வாசகர்

பதில்: கணக்காளர் சொல்வது சரி ஐயா. 30 பேரோ அதற்கு மேலோ இருந்தால் ஊழியர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுக்க வேண்டும் என்பது விதி. என்.ஏ.பி.எஸ். திட்டத்தில் எடுத்தால் உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய் வரை, அரசு ஏற்கிறது.

உங்கள் பயம் நியாயமானது, அதனால் எல்லாவற்றையும் கொடுக்காதீர்கள். அவர் பெயரிலேயே தனிக் கணக்கு கொடுங்கள், பார்க்க மட்டும் உரிமை கொடுங்கள். எல்லோரும் ஒரே அட்மின் பாஸ்வேர்டைப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் உங்கள் ஆபீஸில் இருந்தால் (சிறு நிறுவனங்களில் பெரும்பாலும் இருக்கிறது) அவர் வருவதற்கு முன்பே அதை நிறுத்துங்கள். அந்த வழக்கம் அப்ரண்டிஸை விடப் பெரிய ஆபத்து.

அப்புறம் என்ன வேலை கொடுப்பது? முதல் மாதம் ஆபீஸில் இருக்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டர், ரவுட்டர், கேமரா, பழைய சர்வர் எல்லாவற்றையும் பட்டியல் எடுக்கச் சொல்லுங்கள். உங்களுக்கே தெரியாத இரண்டு மூன்று பொருள்கள் நெட்வொர்க்கில் இருக்கும். இரண்டாவது, பேக்கப். எடுக்கிறோம் என்று எல்லோரும் சொல்வார்கள், அதிலிருந்து திரும்ப எடுத்துப் பார்த்தவர் மிகக் குறைவு. மாதம் ஒரு முறை ஒரு ஃபோல்டரையாவது திரும்ப எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸில் ரான்சம்வேர் தாக்கி, சர்வர்கள் மீளும் வரை இரண்டு வாரம் போல அங்கே எல்லாவற்றையும் கையால் எழுதினார்கள். நாட்டின் பெரிய மருத்துவமனைக்கே அந்த நிலை என்றால், உங்கள் பில்லிங் கம்ப்யூட்டர் பூட்டிக்கொண்டால் எத்தனை நாள் தாங்குவீர்கள்? மூன்றாவது, லாக். சைபர் சம்பவங்களைத் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குச் சொல்ல வேண்டும், லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28 உத்தரவு சொல்கிறது. அது கம்பெனிகளுக்கும் பொருந்தும். உங்கள் ரவுட்டர் எத்தனை நாள் லாகை வைத்திருக்கிறது என்று அந்தப் பையன் பார்த்துச் சொன்னாலே ஒரு பெரிய வேலை முடிந்தது.

ஒரே ஒரு நிபந்தனை சொல்வேன். உங்களிடம் கற்றுக்கொடுக்க ஒரு ஐ.டி. ஆள்கூட இல்லையென்றால், பாதுகாப்புக்கு அப்ரண்டிஸ் எடுக்காதீர்கள். அவருக்கு ஓராண்டு வீணாகும், உங்களுக்குப் பொய்யான நிம்மதி வரும். அப்போது கணக்குப் பிரிவுக்கோ உற்பத்திக்கோ எடுங்கள், பாதுகாப்புக்கு வெளியிலிருந்து ஒருவரை மாதம் ஒரு நாள் வரச் சொல்லுங்கள்.

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கும் என் அக்கா மகன் 18 வயதிலேயே சைபர் செக்யூரிட்டி அப்ரண்டிஸாகச் சம்பளம் வாங்குகிறான். இங்கிருந்து பிள்ளைகள் அப்படிப் போக முடியுமா? – முத்தியால்பேட்டை வாசகர்

பதில்: அங்கேயே குடியிருக்கும் உரிமை உள்ளவர்களுக்குத்தான் அது, இங்கிருந்து அதற்கென்று போக முடியாது. அங்கே ‘சைபர் செக்யூரிட்டி டெக்னாலஜிஸ்ட்’ என்று நான்காம் நிலையில் தனிப் பயிற்சியே இருக்கிறது, பட்டத்தோடு சேர்ந்ததும் உண்டு. ஆண்டுச் சம்பளச் செலவு 30 லட்சம் பவுண்டுக்கு மேல் உள்ள நிறுவனங்களிடம் 2017 ஏப்ரல் முதல் 0.5 சதவீத வரி வாங்கி அதைப் பயிற்சிக்கே ஒதுக்குகிறார்கள். கட்டிய பணத்தைப் பயன்படுத்த வேண்டும் என்பதாலேயே நிறுவனங்கள் பிள்ளைகளைத் தேடுகின்றன. ஜெர்மனியில் 1997 முதலே ஐ.டி.க்கு மூன்றாண்டு அப்ரண்டிஸ் படிப்பு இருக்கிறது, அமெரிக்கா 2022இல் சைபர் செக்யூரிட்டிக்கென்றே 120 நாள் இயக்கம் நடத்தி நிறுவனங்களைச் சேர்த்தது. நம் நாட்டில் சட்டம் இருக்கிறது, ஆனால் இந்தத் துறைக்கென்று இடங்கள் உருவாகவில்லை. நம் பொறியியல் கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும் மருத்துவமனைகள், வங்கிகள், தொழிற்சாலைகளோடு பேசி அதை உருவாக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

கேள்வி: ஐ.டி. பிரிவில் ஓராண்டு அப்ரண்டிஸ் முடிந்துவிட்டது. நிறுவனம் வேலைக்கு எடுக்கவில்லை. வீட்டில் ‘ஒரு வருஷம் போச்சு’ என்கிறார்கள். அடுத்து என்ன செய்ய? – நெய்வேலி வாசகி

பதில்: பயிற்சி முடித்தவரை வேலைக்கு எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் தவிர. எடுக்காதது உங்கள் தகுதிக்குறைவு இல்லை, வீட்டிலும் அதைச் சொல்லுங்கள். இன்னொரு முறை அப்ரண்டிஸாகப் போவதையும் யோசிக்காதீர்கள், ஒரு முறை முடித்தவரை பெரும்பாலும் திரும்ப எடுக்கமாட்டார்கள். இனி வேலைக்கே விண்ணப்பியுங்கள்: சென்னையில் 24 மணி நேரமும் நெட்வொர்க்குகளைக் கண்காணிக்கும் எஸ்.ஓ.சி. மையங்களில் முதல் நிலை அனலிஸ்ட், நெட்வொர்க் சப்போர்ட், வங்கிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் ஐ.டி. சேவை செய்யும் நிறுவனங்கள்.

முதலில் பயிற்சிச் சான்றிதழைப் போர்ட்டலிலிருந்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு உட்கார்ந்து, இந்த ஆண்டில் செய்த வேலைகளை ஒவ்வொன்றாக எழுதுங்கள். ‘ஃபயர்வால் தெரியும்’ என்று எழுதினால் எல்லோரும் எழுதுவதுதான். ‘ஃபயர்வாலில் பயன்படாத விதிகளைக் கண்டுபிடித்துப் பட்டியல் கொடுத்தேன், பொறியாளர் சரிபார்த்து நீக்கினார்’ என்று எழுதினால் அது உங்களால் மட்டுமே எழுத முடிந்த வரி. ஆனால் அந்த நிறுவனத்தின் லாக், ஸ்கிரீன்ஷாட், நெட்வொர்க் வரைபடம், ஐ.பி. முகவரி எதையும் வெளியே கொண்டுவராதீர்கள், நேர்காணலில் எவ்வளவு கேட்டாலும் சொல்லாதீர்கள். சிலர் சோதிப்பதற்காகவே கேட்பார்கள். உங்களிடம் நிறுவன லேப்டாப்போ, மூடாத கணக்கோ இருந்தால் நீங்களே எழுதிக்கொடுத்து மூடச் சொல்லுங்கள்.

உங்களுக்கு வேலை கற்றுக்கொடுத்த பொறியாளரிடம் போய், உங்கள் பெயரையும் நம்பரையும் விண்ணப்பத்தில் கொடுக்கலாமா என்று கேளுங்கள். சரி என்றால், எந்தெந்த வேலைகளை நீங்கள் தனியாகச் செய்தீர்கள் என்பதை அவரோடு பேசி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், நேர்காணலில் நீங்கள் சொல்வதும் போனில் அவர் சொல்வதும் ஒன்றாக இருக்க வேண்டும்.